தும்மலுக்கு மாமா தந்த தைலம்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அலர்ஜித் தும்மலா, மூக்கில் நீர் வடிகிறதா, மாத்திரையே வேண்டாம். லாவெண்டர் எண்ணெயும் புதினா எண்ணெயும் யூகலிப்டஸும் சொட்டுச் சொட்டாகத் தலையணையில் விட்டுப் படுங்கள் என்று. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கடைசியில் ஒருத்தி என்னைக் குறிப்பிட்டு, "நீதானடி இதுல எக்ஸ்பர்ட், நீ சொல்லு, கேக்கலாமா?" என்று எழுதியிருந்தாள்.

அவளுக்கு நினைவிருக்கிறது. உங்களில் சிலருக்கும் இருக்கும். ஐந்தாம் வகுப்பில் வாசலோரம் தனியாக உட்காரவைக்கப்பட்டவள் நான்தான். ஊருக்குப் போய்விட்டு வந்த புதிதில், பக்கத்தில் வந்தாலே கோயில் கற்பூரமும் மருந்துக்கடையும் சேர்ந்த மாதிரி வாடை அடிக்கும் என்று நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் குழுவில் நாலு வரியில் எழுதக்கூடியதாக இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வீடு கடலூரில், கடற்கரைக்குப் போகும் வழியில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மண்மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு. தோப்பு எங்களுடையது அல்ல. அப்பா அதைக் குத்தகைக்கு எடுத்து, மரம் வெட்டி, ஓட்டல்களுக்கு விறகாகவும் பந்தல்காரர்களுக்குக் கழியாகவும் அனுப்பிக்கொண்டிருந்தார். காற்றில் தோப்பு எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைக் கடல் என்றே நினைப்பார்கள். அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை. "ரெண்டு கடல் நமக்கு" என்பார்.

மாசி பிறந்தால் சவுக்கு மரங்களின் நுனியெல்லாம் செம்பழுப்பாகிவிடும். பூ என்று சொல்ல முடியாது, அணில் வாலின் முனை மாதிரி இருக்கும். கொடியில் காயும் வெள்ளை வேட்டியை எடுத்து அம்மா உதறினால் மஞ்சள் கலந்த தூள் பறக்கும். தண்ணீர்க் குடத்தின் மேல் மூடியிருக்கும் தட்டிலும் அது படிந்திருக்கும். விரலால் அதில் கோலம் போட்டிருக்கிறேன்.

அந்த மாசியில் எனக்குத் தும்மல் பிடித்தது. முந்தைய வருஷமும் கொஞ்சம் இருந்ததாம். இந்த முறை காலையில் எழுந்ததும் ஆரம்பித்தால் பல் தேய்க்கவிடாது. கண் அரிக்கும், மேலண்ணம் அரிக்கும், காதுக்குள் அரிக்கும். நாக்கால் அண்ணத்தைத் தேய்த்துக் கொட்டாவி மாதிரி ஒரு சத்தம் போடுவேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, சட்டை மார்பில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டு அனுப்புவாள் அம்மா. முதல் பீரியட் முடிவதற்குள் துணி நனைந்துவிடும்.

"இது ஒட்டுவாரொட்டி. நீ வாசல்கிட்ட ஒக்காரு" என்றார் டீச்சர். வாசலோரம் காற்று நேராக வரும். அங்கே தும்மல் இன்னும் கூடியது. வேண்டுமென்றே செய்கிறேன் என்று அதற்கும் திட்டு.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். ஐஸ் தின்றிருப்பாள் என்றார் அப்பா. தலையில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள் அக்கம்பக்கத்தார். எல்லாம் கடைசியில் அம்மாவின் தலையில்தான் வந்து நிற்கும். "புள்ளைக்குத் தலைய ஒழுங்காத் தொவட்டி விடறதில்ல நீ" என்பார் அப்பா. அம்மா என் தலையைத் துவட்டும்போது கொஞ்சம் அழுத்தித் துவட்டுவாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஊட்டிப் பக்கம் மலையில் யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் இறக்கும் கொட்டகையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமானதும் சிதம்பரத்துக்கு வந்து, மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னதாகத் தைலக்கடை போட்டிருந்தார். அவர் சட்டையை எப்போது முகர்ந்தாலும் மழை பெய்த காடு மாதிரி இருக்கும். நான் தும்முவதைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"அக்கா, இது சளி இல்ல. சளின்னா கெட்டியா வரும். இது தண்ணியா ஊத்துது பாரு. எங்கூட அனுப்பு. தைலத்துலயே சரி பண்ணிடறேன்."

"அவரு இன்னா சொல்வாரோ" என்றாள் அம்மா.

அப்பா அன்று நல்ல மனநிலையில் இருந்தார். "கூட்டிக்கினு போ மச்சான். இஸ்கூலுக்குப் போயும் இன்னா கிழிக்கிறா, வாசல்லதான ஒக்காந்துருக்கா" என்றார். அப்பாவும் மாமாவும் அப்போது ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரிக்கிறவர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சிதம்பரத்தில் மாமா வீடு ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும். மூலையில் மரப்பெட்டி. அதைத் திறந்தால் பஞ்சுக்குள் புதைத்த சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். நீலகிரித் தைலம், புதினாத் தைலம், எலுமிச்சைப்புல் தைலம், கிராம்பு எண்ணெய். நீலக் கண்ணாடியில் ஒன்று மட்டும் லாவெண்டர். மாமா அதை "ஊதாப்பூத் தைலம்" என்பார், யாருக்கும் எளிதில் தரமாட்டார். அத்தை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்கவைப்பாள். மாமா தைலத்தை அதில் விட்டு, என்னைப் போர்வைக்குள் உட்காரவைத்து, "கண்ண மூடிக்க பாப்பா, வாயத் தொறந்து இழு" என்பார். மூக்கு திறந்துகொள்ளும். உள்ளே ஒரு குளிர்ச்சி நெற்றிவரைக்கும் ஏறும். மார்பிலும் முதுகிலும் மூக்கின் கீழும் தடவிவிடுவார். மூக்கின் கீழே எரியும், தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. அத்தை அதற்குத் தேங்காயெண்ணெய் வைப்பாள். "ஜாஸ்தி போடாதய்யா, பச்சப் புள்ள" என்பாள். "வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்பார் மாமா.

சில நாளிலேயே தும்மல் நின்றுவிட்டது.

குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றேவிட்டது. ஒரு காலையில் எழுந்து, பல் தேய்த்து, காப்பி குடித்து, சந்தில் ஓடும் சைக்கிள்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா என் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால் அவர் கண் கலங்கியிருந்தது. "பாத்தியாடி?" என்று அத்தையிடம் கேட்டார். "மலையில இருந்து இத நான் சும்மாத் தூக்கிக்கினு வரலன்னு இப்பவாச்சும் தெரியுதா?" கடைக்கு அதுவரைக்கும் ஆள் வந்ததில்லை. தைலத்தை அவரைத் தவிர யாரும் நம்பவில்லை. இப்போது நான் இருந்தேன், சாட்சியாக.

கடைவாசலில் பேசினால் யார் கேட்பார்கள்? சாயங்காலம் மேலவீதி முனையில், ஆட்டோக்கள் நிற்கும் இடத்தருகே பெட்டியை வைத்தார். ஒரு ஸ்டூல் போட்டு என்னை ஏற்றிவிட்டார்.

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம் பாப்பா. நடந்தத சொல்லு. போதும்."

நான் சொன்னேன். "எனக்குத் தும்மல் வந்துச்சு. மூக்குல தண்ணியா ஊத்துச்சு. இஸ்கூல்ல வாசல்ல ஒக்கார வச்சாங்க. மாமா தைலம் தேச்சாரு. இப்ப நல்லாயிட்டேன்." முதல் நாள் குரலே எழும்பவில்லை. இரண்டாவது நாள் கொஞ்சம் ராகமாக வந்தது. அதற்கப்புறம் குப்பியைத் திறந்து கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்துக் காட்டவும் கற்றுக்கொண்டேன். கூட்டத்தில் பெண்கள் "அடி கண்ணு" என்பார்கள். எனக்குப் பிடித்திருந்தது. வாசலோரம் உட்கார்ந்தவளை இத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள். தோழிகளே, அந்த ஸ்டூலில் நின்றபோது வெட்கம் என்ற ஒன்று எனக்குத் தெரியவே இல்லை.

மாமாவை ஏமாற்றுக்காரர் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அதனால் இதையும் சொல்கிறேன். ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தைலம் கேட்டாள். மாமா குப்பியை மூடிவிட்டார். "கைக்கொழந்தைக்கு இதோட காரம் தாங்காதும்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போ, ஒடனே போ" என்று அவரே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு வந்தார்.

மாசி மகத்தன்று கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போன கூட்டம் சாயங்காலம் சிதம்பரம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தெருவே ஈர வேட்டியும் மணல் காலுமாக இருந்தது. இப்படி ஒரு கூட்டத்தை மாமா பார்த்ததில்லை. எனக்குப் பவுடர் போட்டு, அத்தையின் கனகாம்பரத்தைத் தலையில் வைத்து ஏற்றிவிட்டார். நானும் நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இழுத்துக் காட்டுவதற்காகக் கண்ணை மூடினேன். திறந்தபோது கூட்டத்தின் பின்வரிசையில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

விறகு லோடு இறக்க வந்திருக்கிறார். கூட நின்றவர், விறகு வாங்கும் ஓட்டல் முதலாளி. இன்னார் என்று தெரியாமல் அவர் என்னைக் காட்டிச் சிரித்து, "பாருங்க, புள்ளைய வச்சுப் பொழைக்கிறானுங்க" என்றார். அதற்குள் நான் "அப்பா!" என்று கத்திவிட்டேன்.

முதலாளி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்க பொண்ணா?"

அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என்னைத் தூக்கி இறக்கினார். அப்பாவின் முகத்தைப் பார்த்தபோதுதான், நான் ஏதோ அசிங்கத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்று எனக்கு உறைத்தது. உடனே தலையிலிருந்த பூவைப் பிய்த்து எறிந்தேன்.

"மாமா, நல்லாயிட்டா மாமா" என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே மாமா ஓடி வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அப்பா சந்தோஷப்படுவார் என்றே நினைத்திருந்தார், பாவம். "நீங்களே பாருங்க, ஒரு தும்மல் இல்ல."

"எம் பொண்ண நடுத்தெருவுல நிக்க வச்சு வித்த காட்டறியா?"

"இல்ல மாமா, அவ நடந்ததத்தான்..."

"நிறுத்துடா. மச்சானாம் மச்சான்."

யாரோ சிரித்தார்கள். மாமா குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா என்னை லாரியில் ஏற்றினார். கடலூர் போய்ச் சேரும்வரை நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தும்மல் திரும்பியது. மதியத்துக்குள் நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். அதுவரை எனக்கு இல்லாதது அது, மூச்சிரைப்பு. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள், பின்னால் அப்பா. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். டாக்டருக்கு முன்னால் பெரிய வரிசை. என் மூக்கின் கீழே இருந்த புண்ணைப் பார்த்து, "இது என்ன?" என்றார். தைலம் என்றார் அப்பா. "கண்ட எண்ணெயையும் தேய்ச்சா நுரையீரல் கெட்டுப்போகாம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான். போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம். அப்பாவுக்கு அது தீர்ப்பாகிவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு மாமா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அப்பா வாசல் படலைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக நானும் அம்மாவும் பார்த்தோம்.

"ஒன் தைலம் எம் பொண்ணு நெஞ்சப் பொசுக்கிடுச்சு. டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே இந்த வாசல மிதிக்காத."

"நெசமாவா மாமா? டாக்டரா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார் மாமா. படலின் மேல் பையை மாட்டிவிட்டுப் போய்விட்டார். அம்மா கதவைத் திறந்துகொண்டு போவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே நின்றாள். அவளும்தானே என்னை அனுப்பிவைத்தவள்.

மாமா அந்த மாதமே கடையை மூடினார். அத்தையின் ஊரான கீரப்பாளையத்துக்குப் போய், மாமனார் நிலத்தில் நெல் பயிரிட ஆரம்பித்தார். தைலத்தைத் திரும்பத் தொடவே இல்லை. எனக்கு ஒவ்வொரு மாசியிலும் இழுப்பு வந்தது. வந்தபோதெல்லாம் அப்பா வந்தவர் போனவரிடம் அந்தக் கதையைச் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் ஒளிக்காமல் சொன்னார். என் கல்யாணத்தில் தாய்மாமன் சீரை அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவர் செய்தார். பந்தலில் சொந்தத் தாய்மாமன் இல்லாததை எல்லோரும் கவனித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் அதை நாணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணமாகி மதுரைக்குப் போனேன். அங்கே இழுப்பு வரவில்லை. வயதாக ஆகச் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். முப்பத்தைந்து தாண்டிய பிறகு ஒரு மாசியில் அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த முறை புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். முன்கையின் உள்பக்கம் வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஊசி முனையால் கீறி, காத்திருக்கச் சொன்னார். ஒரு சொட்டு மட்டும் கொசு கடித்த மாதிரி தடித்து, சுற்றிலும் சிவந்தது.

"வீட்டுப் பக்கத்துல சவுக்கு மரம் இருக்கா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. சிதம்பரத்தில் மாமா வீட்டுச் சந்தில் ஒரு சவுக்கு மரம்கூடக் கிடையாது. அவர் தைலம் என்னைக் குணமாக்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. தைலத்தைப் பற்றியும் கேட்டேன். மூக்கடைப்புக்குக் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அலர்ஜியை அது தீர்க்காது, நேராகத் தோலில் தடவக்கூடாது, இழுப்பு இருக்கும் குழந்தைகள் பக்கமே கொண்டுபோகக்கூடாது என்றார். குழுவில் கேட்டவளே, உனக்கான பதில் இதுதான்.

நேராகக் கீரப்பாளையத்துக்குப் போனேன். மாமா களத்தில் காயும் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "நெஞ்சு எப்பிடி இருக்கு பாப்பா?"

"மாமா, அது ஒங்க தைலம் இல்ல மாமா. சவுக்குப் பூவுத் தூளு. எங்க பொறக்கடத் தோப்புதான். டெஸ்ட்டு எடுத்துச் சொல்லிட்டாங்க."

அவர் துழாவும் கட்டையைக் கீழே வைத்தார். நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்தபோது கேட்டது நான் எதிர்பார்க்காத ஒன்று.

"ஒங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இப்பவே போய்ச் சொல்றேன். ஒங்க கால்ல வந்து உழுவட்டும்."

"சொல்லாத."

"இன்னா மாமா இது?"

"பெத்த புள்ளைய நம்ம தோப்பே கெடுத்துச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுசன் ஒடஞ்சி போயிடுவாரு. ஒரு புள்ளையக் கெடுத்துட்டோமேன்னு நெனச்சிக்கினே தூங்கறது இன்னான்னு எனக்குத் தெரியும் பாப்பா. நான் பயிர் வைக்கிறவன், தாங்கிட்டேன். அவரு ரோசக்காரரு, தாங்க மாட்டாரு. உடு. எனக்குத் தெரிஞ்சிடுச்சில்ல, அது போதும்."

நான் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டார் என்பது உண்மை. சொன்னால் அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைக்க எனக்கும் பயம் என்பதும் உண்மை. எது எவ்வளவு என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

என் மகள் கல்யாணத்தைச் சிதம்பரத்தில் வைத்தோம். அம்மா அப்போது இல்லை. சாகும் முன் அவள் கேட்ட ஒரே விஷயம், பேத்தி கல்யாணத்துக்குத் தம்பியை அழைக்க வேண்டும் என்பது. அப்பா முனகிவிட்டுச் சம்மதித்தார். பந்தியில் சம்பந்தி வீட்டாரோடு அப்பா உட்கார்ந்திருந்தார். சில இலை தள்ளி மாமா. யாரோ என் உடல்நிலையை விசாரிக்க, அப்பா தொடங்கிவிட்டார். தெருமுனை, ஸ்டூல், தைலம், ஆஸ்பத்திரி. காது சரியாகக் கேட்காததால் குரல் உயர்ந்திருந்தது. முடிவில் கையை நீட்டி, "அதோ ஒக்காந்துருக்காரே, அவருதான்" என்றார்.

வரிசையே திரும்பிப் பார்த்தது. நான் பாயச வாளியோடு இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். மாமா என்னைப் பார்த்தார். பிறகு இலையிலிருந்து கையை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஆமாங்க. என் தப்புதான். அறியாத வயசு."

அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் அதற்காகத்தான் காத்திருந்தார்போல. முகமே இளகிவிட்டது.

"சரி உடு மச்சான், பழைய கத" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நின்னுக்கினே இருக்கியே, மாமாவுக்குப் பாயசம் ஊத்தும்மா" என்றார்.

ஊற்றினேன்.